ஆகுர்டி லோக்கலும் ஐந்து ரூபாய் முட்டையும்

புனே ஜங்ஷனில் லோணாவளா லோக்கலில் ஏறினால் சிவாஜிநகர், கட்கி, தாபோடி, காசர்வாடி, பிம்ப்ரி, சிஞ்ச்வாட் என்று ஒவ்வொன்றாகக் கடந்து ஆகுர்டி வருகிறது. காலை வண்டியில் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகளும் ஷிஃப்டுக்குப் போகிறவர்களும்தான். ஆகுர்டியில் இறங்கும் இளைஞர்கள் பலர் நிலையத்தை ஒட்டியுள்ள டி.ஒய். பாட்டீல் கல்லூரி வளாகத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். மற்றவர்களை ஷேர் ஆட்டோக்கள் நிக்டிப் பக்கமும் பழைய மும்பை-புனே சாலைப் பக்கமும் அள்ளிக்கொண்டு போகின்றன.

தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர்கள் இவை. இந்திய அரசின் முதல் பென்சிலின் ஆலையான ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1954-ல் பிம்ப்ரியில் தொடங்கியது. தமிழ்நாட்டு வீட்டு வாசல்களிலும் ஒருகாலத்தில் நின்ற சேத்தக் ஸ்கூட்டரைச் செய்த பஜாஜ் ஆலை இதே ஆகுர்டியில்தான் இருக்கிறது. 2007-ல் அங்கே உற்பத்தி நின்றது. 2022-ல் அதே வளாகத்தில் மின்சார சேத்தக்குக்கான புதிய ஆலை திறக்கப்பட்டது. இந்த ஆலைகளையும் இவற்றைச் சுற்றி முளைத்த நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளையும் நம்பி மராத்வாடாவிலிருந்தும் விதர்பாவிலிருந்தும் உத்தரப் பிரதேசம், பிகாரிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. ஆகுர்டிக்கு அடுத்த நிலையமான தேஹு ரோடில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. இப்படிப் பிழைப்புக்காக வந்தவர்களின் பிள்ளைகளில் பலர் படிப்பது 1982-ல் உருவான பிம்ப்ரி-சிஞ்ச்வாட் மாநகராட்சியின் பள்ளிகளில்தான்.

ஆகுர்டியின் பழைய ஊர்ப்பகுதியில் ஒரு விட்டல் கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆனி மாத வாக்கில் தேஹுவிலிருந்து பண்டரிபுரம் புறப்படும் துக்காராம் பல்லக்கு இந்தக் கோயிலில் ஓரிரவு தங்கி, மறுநாள் புனே நானா பேட்டைக்கு நடக்கிறது. அந்த ஓரிரவுக்கு ஆகுர்டி முழுவதும் அடுப்பு மூட்டுகிறது. முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான வார்கரி யாத்திரிகர்களுக்குச் சோறும் பாக்ரி ரொட்டியும் போட்டு, வலிக்கும் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள். வாசலுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பாத ஊர் என்று ஆகுர்டியைச் சொல்லலாம்.

ஆனால் பள்ளிப் பிள்ளையின் பசிக்கு ஓரிரவுக் கணக்கு கிடையாது. பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும் அது வருகிறது. வெளியூர்க்காரர் ஆகுர்டியில் நின்று பார்க்க வேண்டிய விஷயம் இதுதான். ஊரும் பள்ளியும் சேர்ந்து பிள்ளைகளின் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் ஊரின் பங்கு எவ்வளவு, அரசின் பங்கு எவ்வளவு?

மதிய உணவுக்கு அரசுத் தாள்களில் 'ஷாலேய போஷண் ஆஹார்' என்று பெயர். பிள்ளைகளுக்கு அது கிச்சடி. நகரப் பள்ளிகள் பலவற்றில் அது பள்ளி வளாகத்தில் வேகுவதில்லை. மையச் சமையலறையிலோ, 'பசத் கட்' என்று மராத்தியில் சொல்லப்படும் மகளிர் சுய உதவிக் குழுவின் சமையற்கூடத்திலோ ஆக்கி, மூடிய பாத்திரங்களில் டெம்போவில் ஏற்றி வருகிறார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் தானியம், 450 கலோரி, 12 கிராம் புரதம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 150 கிராம் தானியம், 700 கலோரி, 20 கிராம் புரதம் என்பது நாடு முழுமைக்குமான அளவுகோல். 2013-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை இதைப் பிள்ளையின் உரிமையாக்கியது.

அதே 2013 ஜூலையில் பிகாரின் சாரண் மாவட்டம் கண்டாமன் கிராமப் பள்ளியில் பூச்சிக்கொல்லி கலந்த மதிய உணவைச் சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். உணவைப் பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் உட்பட இரண்டு மூன்று பெரியவர்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற விதி எவ்வளவு அவசியமானது என்பதை அந்தச் சாவுகள் நாட்டுக்கே காட்டின. சுவை பார்க்கும் பெரியவர்களில் ஒரு தாயும் இருப்பது நல்லது. தன் பிள்ளை சாப்பிடப்போகும் சோற்றை வாயில் வைக்கும் தாய்க்கு மேல் ஓர் ஆய்வாளர் கிடைக்கமாட்டார். அந்தத் தாய்க்குச் சட்டமும் இடம் வைத்திருக்கிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21-ம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். உணவின் தரத்தையும் சமையலிடத்தின் சுத்தத்தையும் கண்காணிப்பது இந்தக் குழுவின் வேலை.

இந்தக் குழுவின் தலையில்தான் மகாராஷ்டிர அரசு 2025 ஜனவரியில் ஒரு சுமையை ஏற்றியது.

அது முட்டை விவகாரம். 2023 நவம்பரில் அரசு ஓர் ஆணை போட்டது: மதிய உணவோடு வாரம் ஒரு முட்டை; சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் அல்லது வேறு பழம். முட்டைக்கு 5 ரூபாய் கணக்கு. பருப்பும் பயறுமே புரதம் என்றிருந்த தட்டுக்கு அது பெரிய வரவு. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், 2025 ஜனவரி இறுதியில், அதற்கான தனி நிதி நிறுத்தப்பட்டது. நின்ற தொகை சுமார் 50 கோடி ரூபாய். முட்டை புலாவும் கேழ்வரகு இனிப்பும் பட்டியலில் விருப்ப உணவாக இருக்கலாம், ஆனால் முட்டைக்கும் சர்க்கரைக்குமான செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மக்கள் பங்களிப்பாகத் திரட்டிக்கொள்ள வேண்டும் என்றது புதிய ஆணை. மராத்தியில் இதற்கு 'லோக் சஹபாக்' என்று பெயர்.

மக்கள் பங்களிப்பு கெட்ட விஷயமில்லை. பிறந்தநாளுக்கும் திருமணத்துக்கும் ஊரார் பள்ளிப் பிள்ளைகளுக்கு விருந்து வைக்கும் வழக்கத்துக்கு மத்திய அரசின் உணவுத் திட்டத்திலேயே இடமுண்டு. குஜராத்தில் அது 'திதி போஜன்', மகாராஷ்டிரத்தில் 'ஸ்நேக போஜன்'. பல்லக்கோடு வருகிறவர்களுக்குச் சோறு போடும் ஆகுர்டிக்காரர்களை இதற்கு யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. ஆனால் குடியிருப்பு மாடிக் கட்டடங்கள் நிறைந்த பகுதியில் இருக்கும் பள்ளிக்குக் கிடைக்கும் கொடை, ஒப்பந்தத் தொழிலாளர் குடிசைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளிக்குக் கிடைக்காது. மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரே தினக்கூலிக்காரர்கள் என்றால் அவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? முட்டை அதிகம் தேவைப்படும் பிள்ளைக்கே முட்டை கிடைக்காமல் போகும்.

தமிழ்நாட்டிலிருந்து ஆகுர்டிக்கு வரும் எவருக்கும் இந்த இடத்தில் சொந்த ஊர்க் கதை நினைவுக்கு வராமல் இருக்காது.

சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில், 1920-ல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. நிதி மறுக்கப்பட்டதால் அது சில ஆண்டுகளில் நின்றுபோனது. காமராசர் ஆட்சியில் 1956-ல் எட்டயபுரத்தில் மீண்டும் தொடங்கியபோது, அரசும் ஊரும் செலவைப் பிரித்துக்கொண்ட கணக்கு வெளிப்படையாக இருந்தது. ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கு 10 காசு என்றால் 6 காசு அரசு கொடுத்தது, 4 காசு ஊர் கொடுத்தது. அரிசியாகவும் காய்கறியாகவும் விறகாகவும் ஊரார் கொடுத்தார்கள். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக அலைந்து அந்தப் பங்கைத் திரட்டும் வேலையை இயக்கமாக்கினார். 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் நிலமும் கட்டடமும் கொடுத்தார்கள்.

பிறகு அரசின் பங்கு கூடிக்கொண்டே போனது. 1982 ஜூலை 1-ம் தேதி திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் முழுச் செலவையும் அரசின் கணக்கில் எழுதியது. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது; 2010-ல் அது வாரத்துக்கு ஐந்தானது. 2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. காலை உணவைச் சமைக்கிறவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்மாருக்கு அந்த வேலையில் முன்னுரிமை.

ஊர் தொடங்கி வைத்தது. அரசு தோள் மாற்றி எடுத்துக்கொண்டது. ஊர் சமைக்கவும் கண்காணிக்கவும் கூட நின்றது. தமிழ்நாட்டுத் திட்டம் அறுபதாண்டுக்கு மேல் தாங்கியிருப்பதற்கு இந்த வரிசை ஒரு முக்கியக் காரணம். மகாராஷ்டிரத்து முட்டை எதிர்த்திசையில் நடந்தது. அரசு கொடுத்தது, பிறகு ஊர் தலையில் இறக்கியது.

இதற்கு மகாராஷ்டிரம் வெளியே பாடம் தேட வேண்டியதில்லை. அன்று அகமதுநகர் மாவட்டம் என்றிருந்த பகுதியில், வறட்சி பிடித்த ஜாம்கேட்டில், ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே என்ற மருத்துவத் தம்பதியர் 1970-ல் ஒரு சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கினார்கள். 1979-ல் இருவருக்கும் ராமன் மகசேசே விருது கிடைத்தது. ஊர் மக்கள் பங்கெடுப்பது என்றால் ஜாம்கேட்டில் அதன் பொருள் வேறு: எந்த நோயை முதலில் கவனிப்பது, எந்தக் கிணற்றை முதலில் தூர் வாருவது என்பதை ஊர்க்காரர்கள் முடிவு செய்தார்கள்.

ஆகுர்டிக்குத் திரும்புவோம். உணவுக்கு அடுத்தது தண்ணீர். பிம்ப்ரி-சிஞ்ச்வாட் மாநகராட்சிக்குப் பவனா ஆறு தண்ணீர் தருகிறது. பவனா அணையிலிருந்து நேராகக் குழாய் பதிக்கும் திட்டம், 2011 ஆகஸ்டில் மாவள் விவசாயிகள் போராடி, துப்பாக்கிச் சூட்டில் மூவர் இறந்ததோடு முடங்கியது. நகரமோ வளர்ந்துகொண்டே போனது. 2019 நவம்பரிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்ற முறை வந்தது. வீட்டில் டிரம்மில் பிடித்து வைத்துச் சமாளிக்கலாம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் கை கழுவ வேண்டிய பள்ளியில் தொட்டி வறண்டால் என்ன ஆகும்?

இது வெறும் வசதிக் குறைவு இல்லை. 2015-லிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்கு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரையை மெல்லக் கொடுக்கிறார்கள். மாத்திரை வயிற்றிலிருக்கும் புழுவை வெளியேற்றும். கழுவாத கையும் சுத்தமில்லாத கழிப்பறையும் சில மாதங்களில் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். புழு உறிஞ்சும் இரத்தத்தை இரும்புச்சத்து மாத்திரை ஈடுகட்டிக்கொண்டே இருக்க முடியாது. சோறு, மாத்திரை, தண்ணீர் மூன்றும் மூன்று துறைகளின் கோப்புகளில் இருக்கின்றன. பிள்ளையின் வயிற்றில் மூன்றும் ஒன்றாகத்தான் சேர்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கக்கூடிய இடம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம்தான். தொட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுகிறார்கள், சோப்பு இருக்கிறதா, பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா என்ற கேள்விகளைக் கேட்பதற்கு எந்த மருத்துவப் படிப்பும் வேண்டாம்.

தண்ணீரின் ஆபத்தைப் புனே சமீபத்திலும் நேரில் கண்டது. 2025 ஜனவரியில் சிங்ககட் சாலைப் பகுதியை மையமாகக் கொண்டு கிலான்-பாரே நரம்பு நோய் பரவியபோது, அசுத்தமான குடிநீர் மீதே முதல் சந்தேகம் விழுந்தது. பிம்ப்ரி-சிஞ்ச்வாட் பகுதியிலும் நோயாளிகள் இருந்தார்கள்.

மருத்துவரே பள்ளிக்கு வரும் ஏற்பாடும் உண்டு. ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியச் சிறார் நலத் திட்டம் 2013 பிப்ரவரியில் இதே மகாராஷ்டிரத்தின் பால்கரில்தான் தொடங்கப்பட்டது. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் 18 வயது வரை தேடிக் கண்டுபிடிப்பது அதன் நோக்கம். இரண்டு மருத்துவர்கள், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர் கொண்ட குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வருகிறது. கண், பல், காது, தோல், இதயம் எல்லாவற்றையும் பார்த்து, தேவைப்படும் பிள்ளையை மேல் மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுக்கிறது.

எழுதிக் கொடுத்த சீட்டு மருத்துவமனை போய்ச் சேர வேண்டும். அதுதான் கடினம். தகப்பன் ஒப்பந்தத் தொழிலாளி என்றால் ஒருநாள் விடுப்பு ஒருநாள் கூலி இழப்பு. தாய் நான்கு வீட்டில் வேலை செய்கிறவர் என்றால் நான்கு வீட்டுக்கும் சொல்லிவிட்டு வர வேண்டும். கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளை இரண்டு ஆண்டு கண்ணாடி இல்லாமலே உட்கார்ந்திருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வகுப்பாசிரியர் சீட்டுகளின் பட்டியலை வைத்திருந்து, ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளரிடமும் பெற்றோர் குழுவிடமும் கொடுத்து, நான்கு பிள்ளைகளை ஒரே நாளில் ஒரு தாய் அழைத்துப் போக ஏற்பாடு செய்தால் மூன்று பேரின் கூலி மிஞ்சும். ஊரின் பங்கு என்பது இப்படிப்பட்ட வேலையில்தான் பொருந்துகிறது. பணத்தைவிட இதில் ஆள்தான் தேவை, அந்த ஆள் ஊரில்தான் இருக்கிறார்.

பள்ளிக்கு வெளியே நிற்கும் பெட்டிக்கடையும் இந்தக் கணக்கில் சேரும். இங்கே அதற்கு 'டப்ரி' என்று பெயர். டீ, வடாபாவ், பீடி, புகையிலைப் பொட்டலம் எல்லாம் அங்கே கிடைக்கும். 2016-17 தேசிய ஆய்வின்படி மகாராஷ்டிரத்தில் பெரியவர்களில் 26.6 விழுக்காட்டினர் புகையிலை பயன்படுத்தினார்கள். புகைப்பவர்கள் குறைவு, மெல்பவர்களும் பல்லில் தேய்ப்பவர்களுமே பெரும்பகுதி. புகையிலையை வறுத்துப் பொடித்த 'மிஷ்ரி'யால் பெண்கள் பல் துலக்கும் பழக்கம் இங்கே பழையது. அந்த வீட்டுப் பிள்ளைக்குப் புகையிலை ஒரு தீய பழக்கமாகவே தெரிவதில்லை. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மத்திய அரசின் பின்னாளைய வழிகாட்டுதல், அந்த எல்லையில் மஞ்சள் கோடு போடச் சொல்கிறது. கோட்டைப் பள்ளி போடலாம். டப்ரிக்காரரிடம் பேசி விற்பனையைத் தள்ளிவைக்க அந்தத் தெருக்காரர்களால்தான் முடியும். மும்பையிலிருந்து இயங்கும் சலாம் பாம்பே அறக்கட்டளை, மாணவர்களையே இதில் முன்னிறுத்தி 2002-லிருந்து பள்ளிகளில் வேலை செய்துவருகிறது.

தேஹு ரோடு தாண்டினால் லோக்கல் மாவள் வட்டாரத்துக்குள் நுழைகிறது. தளேகாவ், காம்ஷேட், மளவ்லி என்று வயல்களும் மலைகளும் தெரியத் தொடங்கும் இந்தப் பக்கத்தில் ஜில்லா பரிஷத் பள்ளிகள். 2018 மகளிர் தினத்தன்று தொடங்கிய அஸ்மிதா திட்டம், இப்படிப்பட்ட பள்ளிகளின் 11 முதல் 19 வயதுவரையான மாணவியருக்கு எட்டு நாப்கின்கள் கொண்ட பொட்டலத்தை 5 ரூபாய்க்குத் தரத் திட்டமிட்டது. விற்பனைப் பொறுப்பை ஊர் மகளிர் குழுக்களிடம் கொடுத்தது. மருந்துக்கடை ஆண்களிடம் கேட்கக் கூச்சப்படும் பெண், பக்கத்துத் தெரு அக்காவிடம் தயங்காமல் கேட்டு வாங்குவாள். மானியம் அரசுடையது, கை ஊருடையது. ஒரு முட்டைக்கு வைத்த அதே 5 ரூபாயில் இங்கே சரியான பங்கீடு இருந்தது.

திரும்பும் லோக்கல் சிவாஜிநகரில் இறக்கிவிட்டால், புதவார் பேட்டை நடந்துபோகும் தூரம்தான். சாவித்ரிபாய் புலேயும் ஜோதிராவ் புலேயும் 1848-ல் பெண்களுக்குப் பள்ளி நடத்திய பிடே வாடா அங்கேதான் இருந்தது. நீண்ட வழக்குக்குப் பிறகு 2023 டிசம்பரில் அந்தச் சிதிலக் கட்டடம் இடிக்கப்பட்டு, நினைவகத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 1876-77 பஞ்சத்தில் தனகவடியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் விடுதியை நடத்தியவர்கள் இந்தத் தம்பதியர். 1897-ல் புனேயைப் பிளேக் சூறையாடியபோது, வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்த் ஹடப்சர் பக்கம் நடத்திய சிகிச்சை நிலையத்துக்கு, முண்ட்வா சேரியிலிருந்து ஒரு சிறுவனைத் தானே சுமந்து கொண்டுவந்தார் சாவித்ரிபாய். நோய் அவரையும் தொற்றியது. அந்த மார்ச் 10-ம் தேதி அவர் இறந்தார். ஆசிரியரின் வேலை வகுப்பறைக் கதவோடு முடிவதில்லை என்பதை இந்த நகரம் நூற்றிருபது ஆண்டுக்கு முன்பே பார்த்துவிட்டது.

இந்தப் பயணத்தின் தீர்ப்பு இதுதான். உணவுக்கும் முட்டைக்கும் மருந்துக்கும் தண்ணீருக்கும் பணம் அரசு தர வேண்டும். அதில் ஊரைக் கைகாட்டி விலகக் கூடாது. சுவை பார்ப்பது, தொட்டியை எட்டிப் பார்ப்பது, சீட்டோடு பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, கடைக்காரரிடம் பேசுவது ஆகியவை ஊரின் வேலை. அதை எந்த அரசாணையும் செய்து தராது. மகாராஷ்டிர அரசு முட்டைக்கான நிதியைத் தன் வரவு செலவுத் திட்டத்துக்குள் நிலையாக வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. உங்கள் பிள்ளை அங்கே படித்தால் அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். படிக்காவிட்டாலும், குழுவில் இருக்கும் பெற்றோர் ஒருவரைச் சந்தித்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இன்று சாப்பாட்டை யார் சுவை பார்த்தார்கள்? தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? மருத்துவக் குழு எழுதிக் கொடுத்த பிள்ளைகளில் எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போய்வந்தார்கள்?